ஹம்மஸ் நல்லதுதான், எவ்வளவு, எதோடு என்பதுதான் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்த மேற்காசிய விழுதான ஹம்மஸ் மாலைச் சிற்றுண்டிக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு இன்று இரண்டு விதமான பதில்கள்தான் கிடைக்கின்றன. ஒரு சாரார் அதைப் புரதக் களஞ்சியம் என்கிறார்கள். இன்னொரு சாரார் எண்ணெய் மிதக்கும் வெளிநாட்டுச் சட்னி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உடல் எடையைக் குறைக்க நினைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இந்த இரண்டுக்கும் நடுவில் குழம்பி நிற்கிறார்கள். ஹம்மஸ் நல்ல உணவு. ஆனால் அதை ஒரு பருப்புச் சாப்பாடாகப் பார்க்க வேண்டும். சாஸ் மாதிரி நினைத்து, பேச்சுவாக்கில் டப்பாவை வழித்துச் சாப்பிடும்போதுதான் கணக்கு தப்பிப்போகிறது.

அதில் சேரும் பொருள்கள் ஐந்துதான்: வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலை, தஹினி எனப்படும் எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு. சில ஊர்களில் சீரகப் பொடியும் உண்டு. ஆலிவ் எண்ணெயைப் பரிமாறும்போது மேலே ஊற்றுவார்கள். 13ஆம் நூற்றாண்டு எகிப்தியச் சமையல் குறிப்புகளிலேயே கடலையை மசித்து, வினிகரும் எண்ணெயும் வாசனைப் பொருள்களும் சேர்த்துக் குளிர்ச்சியாக உண்ணும் பதார்த்தம் வருகிறது. லெபனான், சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் பகுதி மக்களுக்கு இது உயிரான உணவு. 2010 மே மாதம் லெபனான் சமையற்காரர்கள் 10,452 கிலோ ஹம்மஸ் செய்து உலக சாதனை படைத்தார்கள். தங்கள் நாட்டின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதற்காகவே அந்த எடையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த ஊர்களில் இதைச் சாப்பிடும் முறையைக் கவனித்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பெய்ரூட், டமாஸ்கஸ், நாப்லுஸ், அம்மான் போன்ற நகரங்களின் பழைய ஹம்மஸ் கடைகளில் காலை வேளையில்தான் கூட்டம். ஆழமில்லாத தட்டில் பரப்பி, கரண்டியின் முதுகால் நடுவில் குழித்து, அதில் எண்ணெய் விட்டுத் தருவார்கள். பக்கத்தில் பச்சை வெங்காயத் துண்டு, ஊறுகாய் போட்ட டர்னிப், தக்காளி, புதினா, ஒரு ரொட்டி. வெங்காய இதழையே கரண்டியாக்கி அள்ளிச் சாப்பிடுவோரும் உண்டு. அது அவர்களுக்குக் காலை உணவு, சில நாள் மதியச் சாப்பாடு. வயிறு நிறைய அதைச் சாப்பிட்டால் அடுத்து வேறெதுவும் சாப்பிடுவதில்லை. அதே பொருள் மேற்கத்திய கடைகளின் குளிர்ப்பெட்டிக்குப் போய், சிப்ஸோடு தொட்டுக்கொள்ளும் டப்பாவாக மாறி நம்மிடம் வந்திருக்கிறது. அங்கே ஒரு வேளை உணவாக இருந்தது இங்கே இரண்டு வேளைக்கு நடுவே கூடுதலாக உள்ளே போகிறது.

இனி அளவுக் கணக்கு. கடையில் விற்கும் ஹம்மஸ் 100 கிராமில் ஏறக்குறைய 170 முதல் 300 கலோரி வரை இருக்கிறது. ஒரே பெயருள்ள உணவில் இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம் எண்ணெய். புரதம் பெரும்பாலானவற்றில் 7 அல்லது 8 கிராம்தான். கொழுப்பு மட்டும் 10 கிராமிலிருந்து 25 கிராம் வரை ஏறுகிறது. மாவுச்சத்து 15 கிராம், நார்ச்சத்து 5 முதல் 6 கிராம். உப்பிலிருந்து வரும் சோடியம் 400 மில்லிகிராம் அளவில் இருப்பது சாதாரணம். இரண்டு மேசைக்கரண்டி என்றால் சுமார் 30 கிராம். அதில் 50 முதல் 90 கலோரி, 2 கிராமுக்குச் சற்று மேல் புரதம்.

இந்தப் புரதக் கணக்கை வாசகர்கள் மனத்தில் வைக்க வேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். இரண்டு கரண்டி ஹம்மஸ் அதில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஒரு கோழி முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஆகவே 'புரதம் நிறைந்தது' என்று டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், இரண்டு கரண்டி தொட்டுக்கொள்வதால் புரதத் தேவை தீர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. 120 கிராம், அதாவது அரைக் கிண்ணம் சாப்பிட்டால் 8 முதல் 10 கிராம் புரதமும் 6 கிராம் நார்ச்சத்தும் கிடைக்கும். அப்போது அது ஒரு வேளை உணவின் புரதப் பங்காகிறது. அந்த வேளையில் பருப்பு, பனீர், முட்டை ஆகியவற்றில் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

புரதத்தின் தரம் நன்றாகவே இருக்கிறது. கடலையில் லைசின் என்ற அமினோ அமிலம் தாராளம், மெத்தியோனின் குறைவு. எள்ளில் இது நேர்மாறு. சோற்றுக்குப் பருப்பு துணையாவது போல இங்கே கடலைக்கு எள் துணை. எலுமிச்சையின் வைட்டமின் சி, கடலையிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவுகிறது. கொண்டைக்கடலை ரத்தச் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். எள்ளின் கொழுப்பு சேரும்போது இரைப்பை காலியாவதும் தாமதமாகிறது. அந்தக் கொழுப்பிலும் பெரும்பகுதி நிறைவுறாத வகை. இத்தனையும் ஹம்மஸுக்குச் சாதகமானவை.

கால்சியம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். எள்ளில் பாலைவிடக் கால்சியம் அதிகம் என்ற கணக்கைத் தூக்கி ஹம்மஸின் மேல் வைக்கிறார்கள். எள்ளின் கால்சியம் பெரும்பாலும் தோலில் இருக்கிறது, அதுவும் ஆக்சலேட் என்ற வேதிப்பொருளோடு பிணைந்திருப்பதால் உடலில் சரியாகச் சேராது. வெளிர் நிறத் தஹினி தோல் நீக்கிய எள்ளில் செய்வது. எனவே எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் ஹம்மஸை நம்பிப் பாலையும் மோரையும் கேழ்வரகையும் நிறுத்திவிட வேண்டாம்.

எதோடு சாப்பிடுகிறோம் என்பது ஹம்மஸைவிடப் பெரிய விஷயம். வீட்டில் செய்த 30 கிராம் ஹம்மஸ் 60 கலோரி. அதோடு 100 கிராம் வெள்ளரிக்காய் சேர்த்தால் 75 கலோரியில் ஒரு மாலைத் தீனி முடிந்துவிடும், கேரட் என்றால் நூறு. அதே ஹம்மஸை 30 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸோடு சாப்பிட்டால் சிப்ஸுக்கு மட்டும் 160 கலோரி. உணவகத் தட்டைப் பாருங்கள். 200 கிராம் ஹம்மஸ் 400 கலோரி, மேலே ஊற்றும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் 240, அறுபது கிராம் மைதா பீட்டா ரொட்டி இரண்டு என்றால் 330. கூட்டினால் ஆயிரத்துக்குப் பக்கம். இருவர் பகிர்ந்துகொண்டு இரவு உணவாகச் சாப்பிட்டால் பொருத்தம்தான். கிரில் சிக்கன் வருவதற்கு முன் ஒருவரே தொடங்கி முடித்துவிட்டால் அந்த வேளையின் அளவு அங்கேயே தீர்ந்துவிட்டது. துபாயிலும் தோஹாவிலும் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலர் இரவில் குபூஸ் என்ற அரபு ரொட்டியையும் ஹம்மஸையும் கொண்டே சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். மலிவும் சுலபமும்தான் காரணம். அவர்கள் குபூஸை ஒன்றாகக் குறைத்து, ஒரு வெள்ளரியும் ஒரு தக்காளியும் நறுக்கி வைத்துக்கொண்டாலே அந்தச் சாப்பாடு வெகுவாகச் சீர்ப்படும்.

இந்த இடத்தில் சுண்டலைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 164 கலோரி, 9 கிராம் புரதம், 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்தாலும் 210 கலோரிக்குள் முடியும். புரதமும் நார்ச்சத்தும் மட்டுமே நோக்கம் என்றால் சுண்டல் ஒரு படி மேலே. விலை குறைவு, மென்று சாப்பிடுவதால் போதும் என்ற உணர்வும் சீக்கிரம் வரும். ஹம்மஸ் கூடுதலாகத் தருவது எள்ளின் கொழுப்பை. அதைவிட முக்கியமாக, பச்சைக் காய்கறியைத் தொடாத பிள்ளைகளையும் பெரியவர்களையும் அது காய்கறி சாப்பிட வைக்கிறது. பல் இல்லாத முதியவர்களுக்குக் கடலை போய்ச் சேர வழியும் அதுதான். எனக்குத் தெரிந்து ஹம்மஸுக்கு ஆதரவான மிக வலுவான காரணம் இந்த இரண்டும்தான்.

கடை டப்பாவை வாங்குவோர் முன்பக்கத்தைப் படிக்கவே வேண்டாம். பின்பக்கம் மூலப்பொருள் பட்டியல், எடையில் அதிகமானது முதலில் என்ற வரிசையில் இருக்கும். கொண்டைக்கடலை முதலிலும் தஹினி அதற்கு அடுத்தடுத்தும் வந்தால் நல்லது. தஹினிக்கு முன்பாகவே சோயா, கனோலா அல்லது சூரியகாந்தி எண்ணெய் வந்துவிட்டால் எள்ளுக்குப் பதில் மலிவான எண்ணெயால் வழுவழுப்பை வரவழைத்திருக்கிறார்கள் என்று பொருள். எலுமிச்சைக்குப் பதில் சிட்ரிக் அமிலம் இருந்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் குறையும். பொட்டாசியம் சார்பேட் அனுமதிக்கப்பட்ட பதப்படுத்தி, அதைக் கண்டும் பயப்பட வேண்டாம். அடுத்து 100 கிராமுக்கான சோடியம். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 450 உள்ள டப்பாவில் பாதியை, அதாவது நூறு கிராமைத் தீர்த்தால் நாளின் கால்வாசிக்குப் பக்கம் போய்விடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 300க்குக் கீழ் உள்ளதைத் தேடலாம். ஆனால் கூடவே உப்பு பிஸ்கட்டோ ஊறுகாயோ வைத்துக்கொண்டால் தேடியது வீண். சாக்லேட் ஹம்மஸ் என்று ஒன்று வருகிறது, அது சர்க்கரை சேர்ந்த இனிப்பு. இனிப்பின் கணக்கில்தான் அதை வைக்க வேண்டும்.

வீட்டில் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். எண்ணெயும் உப்பும் நம் கையில் இருக்கும். செலவும் குறைவு. 200 கிராம் காய்ந்த கடலையிலிருந்து 650 கிராமுக்கு மேல் ஹம்மஸ் கிடைக்கும். அது 200 கிராம் டப்பாக்கள் மூன்றுக்கும் அதிகம். ஆனால் முதல் தடவை செய்யும் பலர் நறநறவென்றோ கசப்பாகவோ வந்துவிட்டதென்று எண்ணெயை ஊற்றி அதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். அங்கேதான் நல்ல உணவு கெடுகிறது. எண்ணெய் இல்லாமலே வழுவழுப்பாக வரவேண்டுமானால் கவனம் முழுவதும் கடலையை வேகவைப்பதில் இருக்க வேண்டும்.

200 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை ஒரு லிட்டர் தண்ணீரில், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போட்டு, 10 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். சிறிய ரகம் பெரியதைவிடச் சீக்கிரம் குழையும். நம் ஊர்க் கோடையில் வெளியே வைத்தால் நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும், ஆகவே குளிர்பெட்டியில் ஊறட்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலச வேண்டும். வாயுத் தொல்லை தரும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னை புறநகர் போல போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் எத்தனை விசில் விட்டாலும் கடலை நடுவில் கல்லாகவே இருப்பதாகச் சொல்வார்கள். கடின நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் கடலையின் செல் சுவரில் இருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன. ஊறவைக்கவும் வேகவைக்கவும் கேன் தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும். இரண்டு வருடம் கிடந்த பழைய கடலைக்கு அதுவும் உதவாது. உப்புப் போட்டால் கடலை வேகாது என்பது தவறான நம்பிக்கை. வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. எலுமிச்சையோ தக்காளியோ வேகும் பாத்திரத்துக்குள் போகக் கூடாது.

குக்கரில் கடலை மூழ்கி மேலே இரண்டு அங்குலம் நிற்கும்படி புதிய தண்ணீர் விட்டு, கால் தேக்கரண்டி சோடா சேர்க்கவும். பயறு வகை நுரைக்கும், வால்வில் தோல் அடைக்கும், அதனால் குக்கர் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் விட்டு, ஆவி தானாக அடங்கட்டும். சுண்டலுக்கு இது அதிக வேக்காடு, ஹம்மஸுக்கு இதுதான் பதம். ஒரு கடலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்தினால் வெண்ணெயாக நசுங்க வேண்டும். விரலில் ஒரு குருணை உருண்டாலும் இன்னும் பத்து நிமிடம் தேவை. சோடா கூடிவிட்டால் சோப்பு வாடை வரும், கடலையின் தயமின் என்ற பி வைட்டமினும் குறையும். அதனால்தான் இந்த அளவைத் தாண்ட வேண்டாம் என்கிறேன். வெந்ததைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கையால் கிளறினால் தோல்கள் மிதந்து வரும். வந்தவற்றை வடித்துவிட்டால் போதும், ஒவ்வொன்றாக உரிக்க வேண்டியதில்லை. தோலிலும் நார்ச்சத்து உண்டு. வழுவழுப்பு முக்கியமில்லை என்பவர்கள் அப்படியே அரைக்கலாம்.

தஹினி 100 கிராம் வேண்டும். கடையில் வாங்கியதானால் எண்ணெய் மேலே மிதந்து அடியில் கெட்டிப்பட்டிருக்கும். அடிவரை கிளறி எடுக்காவிட்டால் முதல் தடவைக்கு எண்ணெயும் கடைசித் தடவைக்குக் கட்டியும்தான் கிடைக்கும். வீட்டில் செய்வதென்றால் தோல் நீக்கிய வெள்ளை எள்ளை மெல்லிய தீயில் நான்கைந்து நிமிடம், வாசனை கிளம்பி நிறம் மாறத் தொடங்கும்வரை மட்டும் வறுத்து, உடனே தட்டில் பரப்பி ஆறவைக்க வேண்டும். பழுப்பேறினால் கசக்கும். கறுப்பு எள்ளும் தோலோடு உள்ள எள்ளும் கசப்பைக் கூட்டும். சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டு, ஒன்றிரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்து இளகும்வரை அரைக்கவும். சேர்த்த எண்ணெயைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. தஹினிக்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றினால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. எண்ணெயில் எள்ளின் புரதமும் நாரும் இல்லை. அவை இல்லாமல் விழுதுக்கு உடலும் வராது. செக்கு நல்லெண்ணெயின் வாசம் எலுமிச்சையையும் அமுக்கிவிடும்.

இனிக் கூட்டும் வரிசை. நம் ஊர்ச் சின்ன எலுமிச்சை மூன்றைப் பிழிந்தால் ஏறக்குறைய 45 மில்லி சாறு கிடைக்கும். அதில் இரண்டு பல் பூண்டை நசுக்கிப் போட்டு, ஒரு தேக்கரண்டி உப்போடு பத்து நிமிடம் வையுங்கள். பூண்டை நசுக்கியதும் காரத்தை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு அடக்கிவிடுகிறது. வெறும் பூண்டை அரைத்துச் சேர்த்தால் மறுநாள் எரிச்சலாக ஏறிவரும். இந்தச் சாற்றில் தஹினியை விட்டுக் கலக்கினால் முதலில் கெட்டிப்பட்டுத் திரிந்தது போலாகும். பயந்து எண்ணெய் ஊற்ற வேண்டாம். ஐஸ் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே வந்தால், நான்காவது ஐந்தாவது கரண்டியில் சட்டென்று இளகி வெளுத்துப் பொங்கும். எள்ளின் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து பால்மமாகிவிட்டதற்கு அதுதான் அடையாளம். பிறகு கடலையைச் சேர்த்து, மிக்ஸியை இடையிடையே ஓய்வு கொடுத்து மூன்று நான்கு நிமிடம் ஓட்டுங்கள். மிக்ஸி சூடேறினால் ஓர் ஐஸ் கட்டியைப் போடலாம். ஆலிவ் எண்ணெயை இதற்குள் விட்டு அரைக்கக் கூடாது. நல்ல ஆலிவ் எண்ணெயை வேகமாகச் சுழலும் பிளேடில் அடித்தால் கசப்பு வெளிவரும். பரிமாறும் தட்டில் ஒரு தேக்கரண்டி போதும்.

இந்த அளவில் செய்தால், எண்ணெய் சேர்க்காத நிலையில், 100 கிராமுக்குச் சுமார் 200 கலோரி, 8 கிராம் புரதம், 10 கிராமுக்குள் கொழுப்பு, 300 மில்லிகிராம் சோடியம் வரும். கொழுப்பை இன்னும் குறைக்க வேண்டுமென்றால் தஹினியை 60 கிராமாக்கலாம். அதற்கும் கீழே போனால் அது மசித்த கடலைதான். டின்னில் வரும் கடலையில் செய்வோர் நன்றாக அலசினால் உப்பில் ஒரு பகுதி போகும். அலசியதைச் சிட்டிகை சோடாவோடு பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டுத்தான் அரைக்க வேண்டும். டின்னிலிருந்து நேரே மிக்ஸிக்குப் போனால் நறநறப்பு போகாது. பொட்டுக்கடலையை அரைத்து ஹம்மஸ் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். அது நம் இட்லிச் சட்னியின் உறவு, அதற்கென்று தனி ருசி உண்டு. ஆனால் இந்தக் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது.

கெட்டுப்போவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. ஷவர்மாவோடு முட்டையில்லாத ஹம்மஸ் கேட்பவர்கள் அதில் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். தஹினியில் ஈரம் மிகக் குறைவு என்பதால் சால்மொனெல்லா என்ற கிருமி அதில் பெருகாது. ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் இருக்கும். தண்ணீர் சேர்ந்து ஹம்மஸானதும் பெருக வழி கிடைக்கிறது. நாம் ஊற்றும் எலுமிச்சை ருசிக்குப் போதுமே தவிர, கிருமியைத் தடுக்கும் அளவுக்குப் புளிப்பு ஏறாது. எனவே 5 டிகிரிக்குக் கீழே குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம்தான். வாயில் வைத்த கேரட்டையே மறுபடி டப்பாவில் விடாமல், தேவையானதைத் தட்டில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிடுங்கள். கடை மேடையில் மணிக்கணக்காகத் திறந்து கிடக்கும் கிண்ணத்திலிருந்து அள்ளித் தந்தால் வேண்டாம் என்று சொல்லத் தயங்க வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டிக்குள்ளும் வளரும். கர்ப்பிணிகள் அன்றன்று செய்ததைச் சாப்பிடுவதே பாதுகாப்பு. மீந்ததை உறைநிலைப் பெட்டியில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் இரண்டு மாதம் வைக்கலாம். உருகியதும் தண்ணீர் பிரிந்து நிற்கும், கொஞ்சம் எலுமிச்சை விட்டு அடித்தால் கூடிவரும்.

எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாது. குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்குக் கடலையும் பூண்டும் சேர்ந்து வயிற்றை உப்பவைக்கும். பூண்டை விட்டுவிட்டு ஒரு கரண்டியில் தொடங்கிப் பார்க்கலாம். நார்ச்சத்தே பழகாதவர்களும் அப்படித்தான் மெல்ல ஏற்ற வேண்டும். சிறுநீரக நோய்க்குப் பொட்டாசியக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு. விழுதாகக் கொடுப்பது அந்த வகையில் நல்லது. ஒரு வயதுக்குள் என்றால் உப்பில்லாமல் செய்து, முதல் தடவை நுனிக் கரண்டி மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

முதல் தடவை அவ்வளவு குறைவாகச் சொல்லக் காரணம் எள் ஒவ்வாமை. நம் ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் கடுமையாக வரக்கூடியது. அமெரிக்காவில் 2021இல் சட்டம் இயற்றி, 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாக உணவுப் பொட்டலங்களில் குறிப்பிடச் செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலிலும் எள் இருக்கிறது. எள்ளுருண்டையைப் பார்த்தால் எள் இருப்பது குழந்தைக்கும் தெரியும். ஹம்மஸில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. சைவம் என்ற பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்து, எள் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் அதை ஊட்டிவிட வாய்ப்பிருக்கிறது. உதடு வீக்கம், உடம்பெங்கும் தடிப்பு, மூச்சிரைப்பு தெரிந்தால் காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். ஹம்மஸ் பரிமாறும் உணவகங்களும் ஷவர்மா கடைகளும் விலைப்பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே 'எள் சேர்ந்தது' என்று தமிழில் அச்சிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் ஆய்வுக்குப் போகும்போது எண்ணெயையும் இறைச்சியையும் பார்ப்பதோடு, ஹம்மஸ் கிண்ணம் எந்தக் குளிரில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர் ஒருவர்,
மதுரை.